கைமடி

கவிஞர் முகிலன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடையில் அவர் கண்ணை மூடினால் பாராட்டு வரப்போகிறது என்று பொருள். காலையிலிருந்து திறந்தேதான் இருந்தது. நொய்யலைப் பற்றி எழுதிய தரணீதரனிடம், ஆற்றுக்காக அழுவதற்கு முன்னால் உன் சந்திப்பிழைக்காக அழு என்றிருந்தார். ஊரடங்கில் அப்பாவுக்கு வேலை போனதை எழுதிய தேஜஸ்ரீயிடம், இது கவிதையல்ல, மனு என்றார்.

கல்லூரி நிகழ்ச்சியின் பெயர் ‘வாழ்வும் வரலாறும்’. மாணவர்கள் எழுத வேண்டும். கவிஞர் எதிர்வினை ஆற்ற வேண்டும். ஆற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது மைக்கின் முன் நின்றவள் இரண்டாமாண்டு சித்ரகலா. நான்கே வரி வாசித்தாள்.

*ஆறாம் வகுப்பு லீவில்*
*கம்பெனிக்குப் போனேன்.*
*பள்ளிக்கூடம் திறந்தது.*
*நான் கைமடியிலேயே இருந்தேன்.*



பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, துணியின் ஓரத்தைக் கையால் மடித்து மடித்துக் கொடுக்கிற வேலைக்குக் கைமடி என்று பெயர். பெரும்பாலும் பிள்ளைகள். திருப்பூரில் இதற்கு அகராதி தேவையில்லை.

நடு நாற்காலியில் இருந்த தாளாளர் ஆறுச்சாமி, தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி வைத்திருப்பவர், திறந்த தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமல் பிடித்திருந்தார். எந்தக் கம்பெனி என்று கவிதையில் இல்லை. ஐந்தாவது வரி ஏதும் வருமோ என்று அவளையே பார்த்தார்.

கவிஞர் கண்ணைத் திறந்தார்.

கைகள் இரண்டும் சேர்ந்தால் மடி என்றார். மடி என்றால் தாய். தாய் என்றால் தமிழ். தமிழுக்கு வந்ததும் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு அரங்கமே சிரித்தது.

பனியன் தைக்கிற ஊரில் கவிதை தைக்காது என்று கவிஞர் சீறினார். உங்கள் காதில் தறி ஓடுகிறது என்றார்.

சித்ரகலா மைக்கை விடவில்லை.

“இல்லீங்கய்யா. இது அந்த மடி இல்லீங்க. மடிக்கிற மடிங்க.”

எழுதி முடித்த பிறகு கவிதை எழுதியவருக்குச் சொந்தமில்லை மகளே, என்றார் கவிஞர். ஆண்டுமலரின் முதல் பக்கம் இவளுக்குத்தான் என்று அறிவித்தார். படிப்பவர்கள் குழம்பாமலிருக்க ஒரே ஒரு திருத்தம். அதையும் அவரே குரலெடுத்து வாசித்தார்: *பள்ளிக்கூடம் திறந்தது. நான் தாய்மடியிலேயே இருந்தேன்.*

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சோம்பல்பட்ட பிள்ளை ஆகிவிட்டாள்.

முதல் ஆளாகக் கைதட்டியவர் தாளாளர்.

“அப்ப எம் பேரை எடுத்துட்டுப் போட்டுக்கங்க” என்றாள் சித்ரகலா. அதற்குள் மைக்கை அணைத்திருந்தார்கள். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்தது துறைத்தலைவர்கள், அவர்களுக்கும் கேட்கவில்லை.

கவிஞரை வழியனுப்ப ஆறுச்சாமியே வாசல்வரை வந்தார். கார்க் கதவைத் தன் கையால் திறந்துவிட்டார். உள்ளூர் ஆளைக் கூப்பிட்டிருந்தால் இன்றைக்கு மானம் போயிருக்கும் என்ற நிம்மதி முகமெல்லாம் தெரிந்தது.

“நீங்க வெளியூர்க்காரரா இருந்ததும் நல்லதுக்குத்தானுங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?”

கவிஞர் அக்கம்பக்கம் பார்த்தார். யாருமில்லை. மேடைத் தமிழைக் கழற்றி வைத்தார்.

“இதே திருப்பூர் வேலம்பாளையந்தானுங்க மொதலாளி. உங்க அப்பாரு கம்பெனிலதானுங்க நாலு வருசம் கைமடியா நின்னேன்.”