நல்ல படம்

படம் தொடங்கிப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

திரையில் ஒரு கிழவர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மெதுவாக. ஊரே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம், அவ்வளவு மெதுவாக.

திரைக்கு இந்தப் பக்கம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் அவருடைய மனைவி. பக்கவாதம். நாலு வருஷம்.

எதிர் ஃபிளாட் பிரேமகுமாரி டீச்சர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த படம். நாலைந்து நாட்டில் பரிசு வாங்கியதாம். தினம் மூன்று மணிக்கு இவர் வீட்டுத் துப்பாக்கிச் சத்தம் மாடிப்படி வரை கேட்கிறது என்பது டீச்சரின் குறை. பெண்டாட்டி இப்படிக் கிடக்கையில் மனுஷனுக்கு வெட்டும் குத்தும் கேட்கிறதா என்பது மொத்த பிளாக்கின் குறை. மூன்றாவது மாடியில் ஒருத்தர் தும்மினால் தரைத்தளத்தில் கஷாயம் கொதிக்கிற பிளாக் அது.

கதவு தட்டும் சத்தம்.

டீச்சர்தான். கையில் சுண்டல், கண்ணில் விசாரணை.

“எப்படி சார் இருக்கு? எனக்கு அழுகையே நிக்கல.”

அவர் திரையையே பார்த்தார்.

“முட்டிக்கு நடுவுல தலகாணி வைக்கல டீச்சர். ரெண்டு நாள்ல புண்ணு வந்துரும்.”

டீச்சர் அடுத்த கேள்வி கேட்காமலே சுண்டலை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த பிளாக்கில் அதுவே ஒரு செய்தி.

சுண்டலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் எழுந்தார். மனைவியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரட்டினார். முதுகுக்கு ஒரு தலையணை. முட்டிக்கு நடுவில் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

பென் டிரைவைப் பிடுங்கினார். தன்னுடையதைச் செருகினார்.

கார் பறந்தது. கண்ணாடி நொறுங்கியது. சந்தோஷம் என்றெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் போவதைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

வில்லனின் ஆள் ஒருத்தன் மாடியிலிருந்து விழுந்தான். நெஞ்சில் ஒரே குண்டு. தரையைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது.

அவனை யாரும் புரட்டிப் போட வேண்டியதில்லை.

கட்டில் கம்பியில் டக்கென்று ஒரு சத்தம்.

மனைவிக்குப் பேச்சு கிடையாது. இடது கையில் ஒரு விரலில்தான் அசைவு மிச்சம். எது வேண்டுமென்றாலும் ஒரு தட்டு.

தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை.

மறுபடி டக்.

விசிறியின் வேகத்தைக் கூட்டினார். போர்வையை இழுத்துவிட்டார்.

டக்.

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தார்.

அது திரையில் இருந்தது. கதாநாயகன் மேல் அல்ல. அந்த ஆள் விழுந்து கிடந்த மூலையில்.

அவர் ரிமோட்டை எடுத்தார். கொஞ்சம் பின்னால் ஓட்டினார்.

அவன் மறுபடி விழுந்தான்.

இருவரும் பார்த்தார்கள்.

டக்.