வெளியில கெடக்கட்டும்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மத்தியான வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியே ஜெயந்திரனின் மடிக்கணினி மேல் விழுகிறது. மோனோரயில் கடக்கையில் தம்ளர் ரசம் நடுங்குகிறது. தன் பங்கு நண்டையும் அவர் சுதர்சினியின் இலைக்குத் தள்ளுகிறார். இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து வளர்க்கும் கணினி நிரல்மொழியின் மூலத்தொகுப்பில், அவர் எழுதிய கூடுதல் நிரலான வரைபட நீட்சியைச் சேர்ப்பதா என்று ஓட்டெடுப்பு. சேர்த்துவிட்டால், மொழியை இறக்குகிற அத்தனை பேருக்கும் அது கூடவே போகும். ஓட்டுகள் சரிபாதியாக நிற்கின்றன. பாக்கி இவள் ஓட்டுதான். “கொஞ்சம் பெருசுதான். ஆனா எல்லாருக்கும் யூஸ் ஆகும்லா” என்கிறார் அவர். அவள் நண்டுக் காலைக் கடித்து உடைக்கிறாள். அவளுடைய தமிழ் எழுத்து நீட்சி இதில் பாதிகூட இல்லை. போன வருடம் கூட்டத்தில், “ரொம்ப ஹெவி, வெளியில கெடக்கட்டும், வேணுங்கறவன் எடுத்துப்பான்” என்று சிரித்தவர் இவர். குழம்பு வழியும் வலக்கையை இலையிலேயே விட்டுவிட்டு, அவள் பெயரில் ஓட்டுப் பக்கம் திறந்திருக்கும் மடிக்கணினிக்கு இடக்கையை நீட்டுகிறாள். அவர் முகம் மாறுகிறது. “கை கழுவிட்டு வந்து நல்லபடியா பண்ணேம்மா.” ‘வேண்டாம்’ என்ற கட்டத்தின் மேல் அவள் விரல் நிதானமாக இறங்குகிறது. “இதுக்குப் பீச்சாங்கை போதும்ண்ணே.”