நூற்று நாற்பத்து மூன்றாம் நாள்

சபியா உம்மா பயிற்சி மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்த நிதானத்திலேயே ஜுனைதாவுக்கு விளங்கிவிட்டது. இது கலியாண விசாரணை.

தேநீர் இடைவேளை. உள்ளே, பயிற்சிக்கு வந்த மற்றப் பதினேழு பேரும் தேநீருக்கும் ரோல்ஸுக்கும் வரிசையில் நின்றார்கள். அவளுடையது உட்பட எல்லோருடைய போன்களும் காலை எட்டு மணிக்கே ஒரு கூடையில் போடப்பட்டு, பயிற்சி நடத்துகிற சொனியா மிஸ்ஸின் மேசைக்கடியில் கிடந்தன.

ஆறு மாதப் பயிற்சி. போதையில் விழுந்தவர்களின் வீடுகளுக்குப் போய், பக்கத்தில் இருந்து, கதைத்துக் கதைத்து வெளியே கூட்டிவருகிற வேலை. ஊருக்கு ஓராளாவது வேண்டுமென்று தேடியபோது சம்மாந்துறையில் அகப்பட்டவள் ஜுனைதா.

சபியா உம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"றிஸ்வானெண்டு உங்கட ஒழுங்கைப் பொடியன். நம்மட மகள் பஸ்லியாக்குப் பாக்குறம். ஆள் எப்பிடிகா?"

வீடும் வளவும் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர் இது. நாலு இடத்தில் விசாரிக்காமல் யாரும் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். தங்களை யார் அனுப்பியது என்பதையும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

றிஸ்வானைப் பற்றி ஜுனைதாவுக்குத் தெரிந்த அளவு அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. பயிற்சியின் தொடக்கத்திலேயே அவளுடைய பொறுப்பில் விடப்பட்டவன்.

வெட்டு மெசின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலத்தில் இரவு பகலாக வயலில் நிற்க வேண்டும், கண் அசரக் கூடாது என்று ஐஸ் என்ற போதைத்தூள் அடிக்கத் தொடங்கியவன். அறுவடை முடிந்தது. ஐஸ் முடியவில்லை.

அவன் உம்மாவின் காப்பை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று வரை போய், விற்க மனமில்லாமல் திரும்பி வந்து, அது இருந்த இடத்திலேயே வைத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு அழுததும் தெரியும். விட்டதும் தெரியும். விட்ட நாளிலிருந்து தினமும் ஒரு இலக்கம் அவளுடைய போனுக்கு வரும். நேற்று நூற்று நாற்பத்திரண்டு.

இதில் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது. முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும், எனக்குத் தெரியாது. இன்று காலையும் சொனியா மிஸ் எல்லோரையும் எழுப்பி நிறுத்திச் சொல்லிப் பழக்கினார். பதினெட்டு வளர்ந்த ஆட்கள் நேர்சரிப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்.

மிஸ் நல்ல மனுசி. கல்முனையில் பிறந்தாலும் கொழும்பில் வளர்ந்தவர். மாப்பிள்ளை விசாரித்துப் பழக்கமில்லை.

இந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைக் கூடாதவன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பிறத்தியார் பிள்ளையின் பழி நமக்கெதற்கு? நல்லவன் என்றால் நல்ல பொடியன் என்பார்கள். கூடாதவன் என்றால் எனக்குத் தெரியாது என்பார்கள். கேட்க வந்தவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழும்பிவிடுவார்.

நல்ல பொடியன். இரண்டே சொல். ஜுனைதாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பதினொரு வருடத்துக்கு முன் அவளுடைய உம்மாவும் அவளுக்கு மாப்பிள்ளை தேடி இப்படித்தான் ஒரு வீட்டில் கதிரை நுனியில் உட்கார்ந்து விசாரித்தார். அங்கேயும் அந்த இரண்டு சொல்லைத்தான் சொன்னார்கள். அந்த நல்ல பொடியன் குடுப் போதையில் விழுந்து, கடைசியில் வீட்டுக் கதவையும் கழற்றி விற்றுவிட்டுத்தான் போனான். கதவில்லாத வீட்டில் பாயைத் தொங்கவிட்டுப் படுத்த நாட்கள் அவளுக்கு மறக்காது.

"சொல்லுகா. வாப்பா இல்லாத புள்ள. அல்லாக்காக உள்ளதச் சொல்லு."

"எனக்குத் தெரியா மாமி."

சபியா உம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழும்பினார். பிறகு அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். நன்றி சொல்கிற பிடி அது. செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஜுனைதா கதிரையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாளா? பஸ்லியாவைக் காப்பாற்றினாளா? அல்லது, கதவைக் கழற்றிக்கொண்டு போனவன் மேலிருந்த ஆத்திரத்தை இந்தப் பொடியனின் தலையில் இறக்கினாளா? கடைசியாக நினைத்ததுதான் உண்மை என்று பட்டபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

கதவோரம் சொனியா மிஸ் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜுனைதா, இதைத்தான் நான் ஆறு மாசமாச் சொல்லித் தந்தன். ஒரு சொல்லுக்கூடக் கூடுதலா வரேல்ல."

கையிலிருந்த மதிப்பீட்டுத் தாளில், இரகசியம் பேணல் என்ற கட்டத்தில், அவள் பார்க்கப் பார்க்கவே பத்துக்குப் பத்துப் போட்டார். சந்தோசத்தில் மேசைக்கடியிலிருந்த கூடைக்குள் கையை விட்டு அவளுடைய போனையும் எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதாம், வீட்டுக்கு எடுத்துக் கதைக்கலாமாம்.

றிஸ்வானுடைய செய்தி எட்டே காலுக்கு வந்திருந்தது.

143.

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்று அதற்குக் கீழேயும் எழுதியிருந்தான்.

"ராத்தா, பஸ்லியாட உம்மா இண்டைக்கு உங்களிட்ட வருவாங்க. நான்தான் உங்கட பேரச் சொன்னன். ஐஸ் அடிச்சதையும் சொல்லுங்க. விட்டதையும் சொல்லுங்க. விட்டத நான் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க."