சத்தமாக ஒரு சண்டை

சண்டையை அவள் கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தாள்.

பழக்கதோஷம்.

போன வாரம் வரை இருந்தது லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறைகள். தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஓனரம்மா ‘நூறு’ என்பார். சண்டை போடுகிற குடும்பத்துக்கு இங்கே இடமில்லை என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்.

அதனால் கோபம் வந்தால் அவள் குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள். அவன் வாய் திறக்காமல் சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பான். அத்தோடு சமாதானம்.

இன்று, அரசு அடுக்குமாடியில், இருவர் பெயரிலும் ஒதுக்கிய வீட்டில், முதல் ஞாயிற்றுக்கிழமை. அவள் கறி வாங்கி வருவதற்குள் அவன் பீரோவைக் கொண்டுபோய் ஜன்னலை அடைத்து நிறுத்தியிருந்தான்.

“ஏனுங்க, ஜன்னல எதுக்குங்க மறைச்சீங்க?”

அவன் காதில் விழவில்லை. அல்லது விழாத மாதிரி உட்கார்ந்திருந்தான். கிசுகிசுப்பில் அப்படி ஒரு வசதி உண்டு.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

இங்கே சுவர் கூரை வரைக்கும் போயிருந்தது.

“ஜன்னலே இல்லாத ஊட்டுல இத்தன வருசம் வெந்தனுங்க! இப்பத்தான் ஒண்ணு கெடச்சுது. அதையும் அடைப்பீங்களா?”

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். இவ்வளவு பெரிய குரலா தனக்கு!

பிடித்திருந்தது.

பிறகென்ன, மடை திறந்துவிட்டது. அவன் அக்கா வீட்டுக் காதுகுத்து வந்தது. மழையில் அவளை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்தது வந்தது. கடைசியில் அதுவும் வந்தது.

“எங்கம்மா போயிட்டாங்கன்னு போன் வந்தப்ப, வாய்விட்டு அழ உட்டீங்களா? என் வாயப் பொத்துனீங்களே!”

பொத்தியது உண்மை. விடியாத நேரம். அவள் அலறத் தொடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓனரம்மா இருமினார். காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவன் கை தானாகப் போனது.

அதை இவள் இன்னும் மனதில் வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. வலித்தது.

அவன் எழுந்துபோய்ப் பீரோவுக்குத் தோள் கொடுத்தான்.

அது கிறீச்சிட்டு ஊரைக் கூட்டியது.

அவளும் வந்து மறுபக்கம் பிடித்துத் தள்ளினாள். திட்டுவதை நிறுத்தவில்லை. நடுவில் அழுகை வந்தது. அது முடிவதற்குள் சிரிப்பும் வந்தது. ஜன்னல் காற்றில் அவள் முந்தானை அவன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இப்படிச் சந்தோஷமாக அவள் சண்டை போட்டதே இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

அவள்தான் போய்த் திறந்தாள். கீழ்வீட்டுப் பெண், கையில் கரண்டியோடு நின்றாள்.

“என்னக்கா இத்தன சத்தம்? ஏதாச்சும் சண்டைங்களா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகக் கொண்டையை முடிந்தாள்.

“ஆமா கண்ணு,” என்றாள், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி. “எங்க ஊட்டுல சண்டை. உள்ள வா, டீ குடிச்சுட்டுப் போலாம்.”