தாத்தாவைக் கடித்த பாம்பு

“சொந்தம் இல்லைன்னு சொல்லிட்டுப் போவத்தான் இந்தம்மா அயர்லாந்துலேருந்து வந்திருக்குது” என்றாள் சகாயமேரி, எதிரே உட்கார்ந்திருந்த மோரீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. வந்தவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

“சும்மா இரும்மா” என்றாள் அருள்ஜோதி. ஏழு மாத வயிற்றோடு பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த அவள்தான் காலையிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் அனுப்பிய மெயில்தான் மோரீனை விருத்தாசலம் வரை கொண்டுவந்திருந்தது.

ரயில் பாதை போட வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே செத்துப்போன மைக்கேல் துரை, மோரீனின் தாத்தாவுக்குத் தம்பி. மைக்கேலின் மகன் லாசர், லாசரின் மகன் காஸ்பர் என்பது இந்த வீட்டின் பேச்சு. ஆனால் லாசரின் ஞானஸ்நானம் பதிந்த கோயில் ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. மோரீன் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் போதும், அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும், பேரப்பிள்ளை அயர்லாந்தில் வளரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

காஸ்பர் டீ கொண்டுவந்தார். தளும்பி, பாதி சாசரில் நின்றது.

“பொம்மைக்குக் கண்ணு எழுதின கை. இப்ப கோடு நிக்கலன்னு பீங்கான் கம்பெனியில பொட்டிக்கு வைக்கோல் அடைக்க வுட்டிருக்காங்க. இதையும் இங்கிலீசுல சொல்லுடி” என்றாள் சகாயமேரி.

அருள்ஜோதி அதைச் சொல்லவில்லை. அப்பாவின் பூனைக்கண்ணைக் காட்டினாள். மோரீன் தலையசைத்து மறுத்தார். “இந்தக் கண் யாருக்கும் இருக்கலாம். லாசர் எத்தனை வயதில் இறந்தார்? எப்படி?”

“நாப்பத்தஞ்சுல. பாம்பு கடிச்சு” என்றார் காஸ்பர்.

“அதுவரை நன்றாக இருந்தாரா?”

“கல்லாட்டம் இருந்தாருங்க.”

மோரீன் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. “அப்படியானால் அவர் எங்கள் மைக்கேலின் மகன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை” என்று பையை மூடி எழுந்தார்.

“பாரு, சந்தோசத்தப் பாரு அது மூஞ்சியில” என்றாள் சகாயமேரி.

காஸ்பர் வாசலை மறித்து நின்றார்.

“பொய்யிங்க. பாம்பெல்லாம் ஒண்ணும் கடிக்கல. கை காலு தானா ஆடி, பேச்சு கொழறி, பெத்த புள்ளையவே அடையாளம் தெரியாம செத்தாரு எங்கப்பா. மைக்கேல் துரையும் அப்படித்தான் செத்தாராம். வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? அதான் பாம்புன்னு சொல்லிவெச்சோம். சொல்லும்மா, அப்பனாட்டமே மகனும் செத்தாருன்னு சொல்லு.”

சகாயமேரி அவரை முறைத்தாள். “பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்டயும் பாம்புன்னுதான சொன்னீங்க?”

“அதான் இப்ப சொல்லிட்டேனே.”

“இருக்கட்டும். ஒங்கள அப்புறம் வெச்சுக்கறேன். நீ மொதல்ல சொல்லுடி.”

அருள்ஜோதி சொன்னாள். மோரீனின் கையிலிருந்து பை நழுவியது. காஸ்பரைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, “நீங்கள் எங்கள் ரத்தம்தான்” என்றார். அழுதார்.

அதை மட்டும் யாரும் சகாயமேரிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “மாதாவே, கண்ணத் தொறந்துட்ட” என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மோரீன் அருள்ஜோதியிடம் திரும்பி, மெல்லிய குரலில் நெடுநேரம் ஏதோ சொன்னார். கேட்டுக்கொண்டே அருள்ஜோதி அப்பாவின் கையையே பார்த்தாள்.

“என்னாடி சொல்லுது? புள்ள பொறந்ததும் கூட்டிக்கிட்டுப் போறாங்களாமா?”

“அந்தச் சீக்கு பரம்பரையா வருமாம். அப்பாவுக்கும் எனக்கும் வயித்துல இருக்கறதுக்கும் டெஸ்டு எடுத்துப் பாக்கச் சொல்றாங்கம்மா.”