பெருவிரல்

ரேடியோவின் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை விமானி பேசலாம், கேட்க முடியாது. முதன்முறையாகத் தனியே பறக்க வந்த பயிற்சி விமானி ரூபனுக்கும் அது தெரியும். ஆனால் மேகம் வந்து மூடிக்கொண்டதும், பயத்தில் அவன் பெருவிரல் பொத்தானோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஜெசிந்தா ரேடார் திரையில் அவனுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மலையை நோக்கி ஊர்ந்தது. வலப்பக்கம் திரும்பு என்று சொன்னால் போதும். சொல்லத்தான் வழியில்லை. ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் கேட்டிராத ஒலிபெருக்கியில் அவன் தமிழில் அழுதான். “எல்லாம் வெள்ளையா இருக்கு மேடம். ஏன் பேச மாட்டேங்கறீங்க? எம்மேல கோவமா?”

“பேசிக்கிட்டேதான்டா இருக்கேன். வெரல எடுறா கண்ணு,” என்று ஜெசிந்தா கத்தினாள். மேலதிகாரி சம்பத் சமிக்ஞை விளக்கை எடுத்து வெளியே சிவப்பு ஒளியை அடித்துப் பார்த்தார். மேகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

“மேடம், ஒரே ஒரு வார்த்த...” என்ற இடத்தில் ஒலிபெருக்கி அடங்கியது. இவ்வளவு நேரம் அவள் கெஞ்சிக் கேட்ட அமைதி வந்துவிட்டது. ரேடார் இன்னொரு சுற்று வந்தால்தான் புள்ளி இருக்கிறதா என்று தெரியும்.

“பேசும்மா,” என்றார் சம்பத்.

ஜெசிந்தா தன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். “ரூபன், வலப்பக்கம் திரும்பு.” இனி அவள் விரலை எடுத்தால்தான் அவனிடமிருந்து பதில் வருகிறதா என்று தெரியும்.

“வலப்பக்கம் ரூபன், வலப்பக்கம்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விரலை எடுக்கவில்லை.