வேதவல்லியின் புளியங்கொட்டைகள்

அன்று தெருமுனைக் கோயிலில் பிள்ளையார், அவருடைய கல் மூஞ்சூறு, ஓர் அணில், வேதவல்லி என நால்வர் இருந்தார்கள். வேதவல்லி பிள்ளையாரைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடுவாள், எண்ணிக் கொண்டுவருவது நூற்றெட்டு. இரண்டாக விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் முதலிலிருந்து சுற்றுவாள். கால் வீங்கினாலும் விடமாட்டாள்.

அன்றும் அறுபத்தேழாவது சுற்றில் சந்தேகம் வந்து நின்றுவிட்டாள்.

"போச்சு அண்ணே, மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்றது அணில்.

"சும்மா இருடா," என்றது மூஞ்சூறு. "சந்தேகத்தோடயே வீட்டுக்குப் போய்ப் பழகுங்கன்னு மனநல டாக்டர் சொல்லியிருக்காராம். வந்ததுமே சாமிகிட்டச் சொல்லி அழுதா."

"சாமி கோவிச்சுக்காதா?"

"அவர் எங்கேடா எண்ணினார்? இத்தனை வருஷமா எண்ணுறது நான்தான்."

வேதவல்லி கண்ணை மூடிக் கும்பிட்டாள். "நீயே பார்த்துக்கப்பா" என்று மிச்சக் கொட்டைகளை மூஞ்சூற்றின் முன்னால் வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

அவள் தெரு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு மூஞ்சூறு அந்தக் கொட்டைகளை எண்ணியது. நாற்பத்தொன்று; கணக்கு சரி.